குதிரை ஏறிய தமிழனைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

கௌபாய் தொப்பி வைத்த தமிழன் என்றாலே சிரிப்புதான். நடிகர் ஜெய்சங்கரை வைத்து இயக்குநர் கர்ணன் எடுத்த குதிரைப் படங்கள் குப்பை. அந்தக் குப்பையைக் கிண்டலடித்து 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்ததோடு கணக்கு தீர்ந்தது. இப்படி ஒரு தீர்ப்பு வளைகுடாத் தமிழர்களிடையே நிலைத்துவிட்டது. துபாய் கராமாவில் டீக்கடை வாசலில் கேட்டிருக்கிறேன். ஷார்ஜா ரோலாவில், அபுதாபி பேருந்தில், வெள்ளிக்கிழமை பிரியாணிக்குக் கூடும் அறைகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் படம் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். ஈரானியப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள், கொரியப் படங்களை வரிசையாக அடுக்கிச் சொல்பவர்கள். அவர்கள் சொல்வதால்தான் இது மற்றவர்களுக்கும் வேதவாக்காகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் தரப்பைக் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். எழுபதுகளின் தமிழ்க் குதிரைப் படங்கள் இத்தாலியர்களும் அமெரிக்கர்களும் எடுத்த படங்களின் நகல். நம் மண்ணில் கௌபாய் கிடையாது, ஷெரீப் கிடையாது, துப்பாக்கிச் சண்டை நடக்கும் மதுக்கூடம் கிடையாது. ஆக, வேரே இல்லாத சரக்கு. அதைச் சிரிப்புப் படமாக எடுப்பவர் மறைமுகமாக அதைத்தான் ஒப்புக்கொள்கிறார். ஏற்கெனவே சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கிண்டலடிக்கப் பெரிய திறமையும் வேண்டாம். கடைசியாக, பல தேசத்தவர் கூடி வாழும் இந்த ஊர்களில் அப்படிப்பட்ட படங்கள் நம் மானத்தை வாங்குகின்றன. இதுதான் வாதம். ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் வாதம்தான். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்த்தால் கையோடு வருகிறது.

1. நகல் என்ற குற்றச்சாட்டு யாரைத்தான் விட்டுவைக்கும்?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரசாவா ஜான் ஃபோர்டின் அமெரிக்கக் குதிரைப் படங்களை ரசித்துப் பார்த்தவர். அந்த ரசனை ஊறிய கை 1961-ல் 'யோஜிம்போ'வை எடுத்தது. அதை இத்தாலியர் செர்ஜியோ லியோனி பார்த்தார். 1964-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து, அனுமதி வாங்காமலேயே, 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். ஜப்பானியத் தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. உலக வசூலில் 15 சதவீதம் தருவதென்று சமரசம் ஆனது. பணம் கொடுத்து வழக்கை முடித்த நகல் அது. ஆனால் லியோனியை யாரும் நகல்காரர் என்று ஒதுக்குவதில்லை. திரைப்படக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறார். அவர் காட்டிய அமெரிக்கா ஸ்பெயினின் வறண்ட நிலம். நடித்தவர்களில் பலர் இத்தாலியர், பலர் ஸ்பானியர். அங்கே மட்டும் கௌபாய் எங்கிருந்து வந்தான்?

ஜப்பானியர் அமெரிக்கரிடம் எடுத்தால் தாக்கம். இத்தாலியர் ஜப்பானியரிடம் எடுத்தால் மேதைமை. சென்னைக்காரர் இத்தாலியரிடம் எடுத்தால் மட்டும் திருட்டு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சினிமா பேசுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

தொலைவுக்குப் போக வேண்டாம், நாம் பிழைக்க வந்த இந்த அரபு நிலத்தையே பாருங்கள். ஜோர்டானைச் சேர்ந்த நாஜி அபு நோவார் 2014-ல் 'தீப்' எடுத்தார். வாடி ரம் பாலைவனத்தில், பெடூயின் மக்களையே நடிக்க வைத்து, முதல் உலகப்போர்க் காலத்தில் நடக்கும் கதை. பெடூயின் வெஸ்டர்ன் என்றே அதைச் சொன்னார்கள். வெனிஸ் விழாவில் ஒரிஸோந்தி பிரிவில் சிறந்த இயக்குநர் விருது, பிறகு ஆஸ்கர் பரிந்துரை. 'அரேபியனுக்கு எதற்கு வெஸ்டர்ன்?' என்று துபாயில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஒட்டகமும் மணலும் துப்பாக்கியும் இருந்தால் போதும், ஒத்துக்கொள்கிறோம். நம் ஊர்க் கரட்டுக் காடும் குதிரையும் துப்பாக்கியும் என்றால் முகம் சுளிக்கிறோம்.

சிம்புதேவன் இயக்கிய 'இரும்புக்கோட்டை'யைக் கவனமாகப் பார்த்தவர்கள் இந்த நகல் பேச்சைத் தொடவே மாட்டார்கள். கதை என்ன? தூக்கு மேடையில் நிற்கும் சில்லறைத் திருடன் சிங்காரம், நடித்தவர் ராகவா லாரன்ஸ். காணாமல்போன வீரன் சிங்கத்தைப் போலவே முகஜாடை. ஜெய்சங்கர்புரத்து ஆட்கள் அவனைத் தப்பவைத்துக் கூட்டிவந்து, ஊருக்குத் தைரியம் வர சிங்கமாக நடி என்கிறார்கள். நடிக்கிறான். நடிக்க நடிக்க அந்த வீரனாகவே ஆகிவிடுகிறான். கடன் வாங்கிய தொப்பியைப் போட்டு நடித்தவனுக்கு ஒரு நாள் அது சொந்தத் தொப்பியாகிவிடுகிறது. நகல் என்ற வசைக்குப் படம் தன் கதையாலேயே பதில் சொல்லியிருக்கிறது. நாம்தான் காதில் வாங்கவில்லை.

2. கிண்டலையும் மரியாதையையும் ஒரே மூட்டையில் கட்டுவது பெரும் பிழை.

இந்தக் கட்டுரையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

அமெரிக்காவில் எழுபதுகளின் தொடக்கத்தில் கருப்பின மக்களை நாயகர்களாக வைத்து, குறைந்த செலவில், நகர்ப்புறக் கருப்பின ரசிகர்களை நம்பி ஒரு படவரிசை வந்தது. 1971-ல் மெல்வின் வான் பீபிள்ஸின் 'ஸ்வீட் ஸ்வீட்பேக்', அதே ஆண்டு கார்டன் பார்க்ஸின் 'ஷாஃப்ட்', 1972-ல் 'சூப்பர் ஃப்ளை', 1973-ல் பாம் கிரியர் துப்பாக்கி ஏந்திய 'காஃபி'. கருப்பினத்தவர் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின் 1972-ல் இவற்றுக்கு வைத்த வசைப் பெயர்தான் பிளாக்ஸ்பிளாய்ட்டேஷன். கருப்பரைச் சுரண்டும் படம் என்று பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தாண்டு முடிவதற்குள் அலை ஓய்ந்தது. படங்கள் மலிவுச் சரக்கு என்று ஓரங்கட்டப்பட்டன.

2009-ல் ஸ்காட் சாண்டர்ஸ் இயக்கத்தில் மைக்கேல் ஜெய் வைட் நடித்து 'பிளாக் டைனமைட்' வந்தது. முழுச் சிரிப்புப் படம். ஒரு காட்சியில் ஒலிவாங்கி மேலிருந்து சட்டகத்துக்குள் இறங்கி நாயகன் தலைமுடியில் படுகிறது. அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வசனத்தைத் தொடர்கிறார். ஒரு துணை நடிகர் வசனத்தோடு சேர்த்து, அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டிய நடிப்புக் குறிப்பையும் வாசித்துவிடுகிறார். சண்டையில் ஓர் ஆளுக்கு நிஜமாகவே அடி பட்டு அவர் கோபப்பட, அடுத்த ஷாட்டில் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்கிறார். பழைய படங்களின் ஓட்டைகள் எல்லாமே இதில் உண்டு. ஆனால் அந்த ஓட்டைகளை இவ்வளவு துல்லியமாக ஒருவர் எப்படி அறிவார்? அந்தப் படங்களை மனப்பாடமாகும் வரை பார்த்திருந்தால்தான் அறிவார். டிஜிட்டல் கேமரா வந்துவிட்ட காலத்தில், பழைய நிறமும் பழைய மணிமணியான திரையும் வரவேண்டும் என்பதற்காகவே சூப்பர் 16 பிலிம் சுருளைத் தேடிப்போய்ப் படம்பிடித்தார்கள். வெறுப்பவர் இவ்வளவு மெனக்கெடுவாரா? அதற்கு முன்பே, 1988-ல், கீனன் ஐவரி வேயன்ஸ் 'ஐயம் கோனா கிட் யூ சக்கா' எடுத்தபோது ஜிம் பிரவுனையும் ஐசக் ஹேயஸையும் பெர்னி கேசியையும் கூப்பிட்டு நடிக்க வைத்தார். எந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தாரோ அந்தப் படங்களின் ஆட்களையே பக்கத்தில் நிறுத்திச் சிரித்தார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்க் கௌபாயை வைத்து ஓராண்டுக்குள் இரண்டு சிரிப்புப் படங்கள் வந்தன. 2009 ஆகஸ்டில் 'குயிக் கன் முருகன்'. தொண்ணூறுகளில் ஒரு இசைச் சேனலில் விளம்பரத் துணுக்காக வந்த பாத்திரம், ஷஷாங்கா கோஷ் இயக்கத்தில் முழுப்படமானது. 2010 மே மாதம் 'இரும்புக்கோட்டை'. வியப்பு என்னவென்றால் இரண்டிலும் வில்லன் ஒருவரே. நாசர். அங்கே ரைஸ் பிளேட் ரெட்டி, இங்கே கிழக்குக்கட்டை. ஒரே நடிகர், ஒரே வகைத் தொப்பி, ஒரே வகைத் துப்பாக்கி. ஆனால் சிரிப்பு ஒன்றா?

முருகனிடம் நாம் எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? அவன் ஆங்கில உச்சரிப்பை. அவன் சட்டையை. தென்னிந்தியன் கௌபாயாக நிற்பதே நகைச்சுவை என்ற அனுமானத்தை. 'மைண்ட் இட்' என்ற அவன் சொல் படத்தை விட்டு இறங்கி அலுவலகங்களுக்குள் வந்துவிட்டது. இங்கே நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், கூட்டத்தில் நான் ஒரு கணக்கைத் திருத்திச் சொன்னபோதெல்லாம், எதிரே உட்கார்ந்த வடநாட்டு நண்பர் 'மைண்ட் இட்' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கணக்கு சரியா தவறா என்பது அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போகும். ஐந்தாறு தடவைக்குப் பிறகு நான் கூட்டத்தில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். படம் எடுத்தவர்கள் இதை நினைத்து எடுக்கவில்லை என்று ஏற்கிறேன். சில இடங்களில் எனக்கே அந்தப் படம் பிடித்திருந்தது. ஆனால் அதன் நகைச்சுவையின் கூர்முனை எங்கே திரும்பியிருந்தது என்பதை நான் உடம்பால் அறிந்தவன்.

'இரும்புக்கோட்டை'யில் யாரும் உச்சரிப்புக்காகச் சிரிப்புக்கு ஆளாவதில்லை. எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். அங்கே சிரிப்பு படமொழியைப் பார்த்து வருகிறது. நெருங்கி நெருங்கிப் போகும் கண்கள், ஒற்றைக்கண் வில்லன், புதையல் வரைபடம், குறிபார்த்துச் சுடும் போட்டி. நல்லவர்கள் ஊருக்குப் பெயர் ஜெய்சங்கர்புரம், அதை நசுக்கும் ஆதிக்க ஊருக்குப் பெயர் உசாபுரம். அமெரிக்காவின் மூன்றெழுத்தைத் தமிழாக்கி, அமெரிக்கக் கௌபாய் கதைக்குள்ளேயே அமெரிக்காவை வில்லனாக்கியிருக்கிறார் சிம்புதேவன். ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்ட கை அது. கடன் வாங்கிய ஆயுதத்தைக் கடன் கொடுத்தவர் பக்கம் திருப்பியிருக்கிறது. இதைக் கிண்டல் படம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது, கடிதத்தைப் பிரிக்காமல் உறையைப் பார்த்துப் பதில் எழுதுவது போல.

3. 'கிண்டலடிப்பது சுலபம்' என்பவர்கள் ஒரு தடவை முயன்று பார்க்கட்டும்.

2010 ஜனவரியில் சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' வந்தது. அதன் வழி வேறு. நடப்பில் உள்ள நாயகர்களின் வழக்கங்களை எடுத்துச் சிரித்தது. பார்ப்பவர்களுக்கு மூலம் போன வாரம்தான் கண்ணில் பட்டிருந்தது. சிம்புதேவனுக்கோ அரங்கில் இருந்த இளைஞர்களில் பெரும்பாலோர் கர்ணனின் 'கங்கா'வையும் 'ஜக்கம்மா'வையும் பார்த்திராதவர்கள். மூலம் தெரியாதவனுக்கும் படம் புரிய வேண்டும்; தெரிந்தவனுக்கு இரட்டிப்பாகப் புரிய வேண்டும். கயிற்றில் நடப்பது போன்ற வேலை. படம் எல்லா இடத்திலும் அதில் வென்றுவிடவில்லை. இரண்டாம் பாதி இழுக்கிறது, பெண் பாத்திரங்களை அலங்காரத்துக்கு நிறுத்திவிட்டது. வென்ற இடங்களைப் பார்க்காமல் வகையையே மட்டம் தட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

4. 'குப்பை' என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது யார் தெரியுமா? பார்வையாளர்.

ஒரு படத்தைக் குப்பை என்றால் அதை விரும்பிப் பார்த்த லட்சம் பேரின் ரசனையும் குப்பை என்றாகிறது. அந்த லட்சம் பேர் யார்? டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் என்ற வேகத்தில் ஜெய்சங்கர் நடித்ததால் அவருக்கு வெள்ளிக்கிழமை நாயகன் என்றே பெயர். 1965-ல் 'இரவும் பகலும்' தொடங்கி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' வழியாக, ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணனின் 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' வரை அந்தப் பார்வையாளர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். எம்.ஜி.ஆர் படத்துக்கும் சிவாஜி படத்துக்கும் கிடைத்த பணமோ நாளோ இந்தப் படங்களுக்குக் கிடையாது. இருந்த காசில் குதிரைகளை ஓடவிட்டு, அந்தக் குதிரைகளுக்கு நடுவே கேமராவைக் கொண்டுபோய் வைத்தார் கர்ணன்.

எண்பதுகளில் அந்த மணல்தரைப் பிள்ளைகள்தான் பெட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சபுராளி என்போம். சவுதியில் அன்று திரையரங்கு கிடையாது. வீடியோ கேசட்டும் வாடகைக்கு எடுத்த வி.சி.ஆரும்தான். துபாயில் பிளாசா இருந்தது, அபுதாபியில் எல்டொராடோ இருந்தது. ஆனாலும் தொழிலாளர் கேம்ப்பில் வியாழன் இரவு எட்டுப் பேர் ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பதுதான் வழக்கம். அந்தத் திரையில் ஒருவன், கேட்பாரற்ற ஊருக்குத் தனியாக வந்து, முதலாளி வைத்த அடியாட்களைச் சுட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் குதிரை ஏறிப் போவான். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் பூட்டியிருக்க, விடுப்புக்கு இரண்டு வருஷம் காத்திருந்த ஒருவருக்கு அந்தக் காட்சி என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் கலைத்தீர்ப்பு எழுதக் கூடாது.

சில வருஷங்களுக்கு முன், துபாய் அல்கூஸில் ஒரு கேம்ப் அறைக்கு வேலை விஷயமாகப் போனவன் இரவு தங்கிவிட்டேன். ஆறு கட்டில், ஒவ்வொன்றிலும் திரைச்சீலை, நடுவே ஒரு குக்கர், குப்பூஸ் பொட்டலம். என் மடிக்கணினியில் 'இரும்புக்கோட்டை' ஓடியது. இளவட்டங்கள் லாரன்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். சாரம் கட்டும் வேலையில் இருந்த ஒரு பெரியவர், சேலம் பக்கத்துக்காரர், முதலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். ஜெய்சங்கர்புரம் என்ற பெயர் காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, என்ன ஊருன்னு சொன்னான்? கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க." தள்ளினேன். அதற்குப் பிறகு அவர்தான் எங்களுக்குப் படம் காட்டினார். இந்தப் பார்வை 'கங்கா'வில் வரும், இந்தக் குதிரைத் துரத்தல் கர்ணன் எடுக்கிற மாதிரி, என்று விரல் நீட்டி நீட்டிச் சொன்னார். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது என்றார். சிறுவயதில் படப்பிடிப்புக் குதிரைகளைப் பார்க்க அதன் வாசலில் காத்துக் கிடந்தாராம். இளவட்டங்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி ஏளனம் இருந்ததாக யாராவது சொன்னால், அவர் முகத்தை நான் பார்த்தவன், மறுக்கிறேன்.

எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன், முழுமனதோடு. கர்ணன் படங்கள் பெண்களைக் காட்டிய விதம் தவறு. 1980-ன் 'ஜம்பு'வை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிளாக்ஸ்பிளாய்ட்டேஷன் படங்கள் மீது கிரிஃபினும் மற்றவர்களும் வைத்த குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு: போதை விற்பவன் நாயகன், பெண் உடல் விளம்பரம், லாபத்தில் பெரும்பங்கு வெள்ளை முதலாளிகளுக்கு. இவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதே படங்களில் கருப்பினப் பார்வையாளர் தன் நிறத்தவன் அடி வாங்காமல், சாகாமல், கடைசி ரீல் வரை நின்று ஜெயிப்பதைப் பார்த்தார். குற்றத்தைச் சொல்லும்போது இதையும் சொல்வதுதான் நேர்மை. நல்ல சிரிப்புப் படம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. குப்பை என்ற ஒற்றைச் சொல்லால் அது முடியாது.

5. 'அயலார் முன் மானம் போகிறது' என்பது வாதமே அல்ல, கூச்சம்.

2018 ஏப்ரல் 18 அன்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ரியாத்தில் திரையரங்கு திறந்தபோது முதலில் ஓடியது 'பிளாக் பாந்தர்'. கருப்பின நாயகன். ஏழு வாரம் கழித்து, ஜூன் 7 அன்று வெளியான, ரஜினிகாந்த் நடித்த பா. ரஞ்சித்தின் 'காலா'தான் சவுதியில் திரையிடப்படும் முதல் இந்தியப் படம் என்று அறிவித்தார்கள். பெயரிலேயே கருப்பு. உடையிலும் கருப்பு. கம்பெனி வேனில் போகும் தமிழர் முதல் காரில் போகும் தமிழர் வரை அன்று பெருமைப்பட்டார்கள், கூச்சப்படவில்லை. 'காலா'வின் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போடும் நாயகன் எங்கிருந்து வந்தான்? ரஜினிகாந்துக்கு முன்னால், பெரிய நாயகர்களின் கோட்டைக்கு வெளியே, மலிவுச் செலவில் துப்பாக்கி சுழற்றிய நாயகர்களின் வரிசை ஒன்று இருந்தது. அந்தப் பாட்டனை மறைத்துவிட்டுப் பேரனைக் கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

6. சிரிப்புப் படத்தோடு கணக்கு தீர்ந்தது என்றார்களே, தீர்ந்ததா?

'இரும்புக்கோட்டை'க்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 2023 நவம்பரில், அதே ராகவா லாரன்ஸ் மறுபடி தொப்பி வைத்தார். கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்'. கதை நடப்பது 1975-ல். கிளின்ட் ஈஸ்ட்வுட் மேல் பித்துப் பிடித்த ரவுடி சீசரிடம் ஒரு திரைநாயகன், உன் நிறத்துக்கு நீ கதாநாயகன் ஆக முடியுமா என்ற பொருளில் ஏளனம் செய்கிறான். தமிழ்த் திரையின் முதல் கருப்பு நாயகன் நான்தான் ஆவேன் என்று சீசர் கிளம்புகிறான். அந்த 1975-ல்தான் 'அபூர்வ ராகங்கள்' வழியாக ரஜினிகாந்த் திரைக்கு வந்தார் என்பது தற்செயலாக இருக்க வழியில்லை. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. பழைய படங்களின் மேலுள்ள பிரியம் சட்டகத்துக்குச் சட்டகம் தெரிகிறது. பிறகு படம் காட்டுக்குள் போகிறது. பழங்குடி மக்கள் மீது அதிகாரம் அவிழ்த்துவிடும் வன்முறையின் முன்னால் கேமரா சாட்சியாக நிற்கிறது. நான் ஷார்ஜாவில் பார்த்தேன். இடைவேளை வரை பாப்கார்னோடு சிரித்துக்கொண்டிருந்த அரங்கு, கடைசி அரைமணி நேரம் மூச்சு விடவில்லை.

இது எதைக் காட்டுகிறது? சிரிப்பு வழியாக ஒரு பழைய வடிவத்தை மறுபடி கையில் எடுத்தவர்கள், அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, புதிய வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 2010-ல் லாரன்ஸ் அந்தத் தொப்பியைச் சிரிப்போடு வைத்துப் பழகியிராவிட்டால், 2023-ல் அதே தொப்பியோடு அவர் அழ வைத்திருப்பாரா என்பது என் சந்தேகம். உசாபுரத்தை எதிர்த்த சிங்காரத்திலிருந்து காட்டுக்குள் போன சீசருக்கு நேர்ப்பாதை இருக்கிறது. குழி தோண்டிப் புதைத்துவிட்டதாக நம் ரசிகர்கள் நினைத்த இடத்தில் விதைதான் விழுந்திருந்தது.

7. இன்னொன்று. காலம்.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை. முதல் படத்துக்கே அந்தக் கதி என்றால், மலிவுச் செலவில் எடுத்த குதிரைப் படங்களுக்குக் காவலர் யார்? குப்பை என்று முத்திரை குத்திய எதையும் யாரும் பெட்டியில் போட்டுப் பூட்டிப் பாதுகாப்பதில்லை. பிளாக்ஸ்பிளாய்ட்டேஷன் படங்களை அமெரிக்காவில் மறுபடி தேடிப் பார்க்க வைத்ததில் சிரிப்புப் படங்களுக்கும் பங்கு உண்டு. சிரித்தவர்கள் மூலத்தைத் தேடிப் போனார்கள். அல்கூஸ் அறையிலும் அதுதான் நடந்தது. அந்தப் பெரியவர் தூங்கப்போன பிறகு இளவட்டங்கள் என் கணினியில் 'கங்கா' இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். கிடைத்தது மங்கிய, கோடு விழுந்த ஒரு பிரதி. விடியும் வரை பார்த்தோம்.

ஜெய்சங்கர் 2000 ஜூனில் காலமாகிவிட்டார். தன் பெயரில் ஒரு ஊர் திரையில் எழுந்ததை அவர் பார்க்கவில்லை. கர்ணன் 2012 டிசம்பரில்தான் போனார். அவர் குதிரைகளைக் கொண்டாடிய படம் 2010 மே மாதம் தமிழ்நாட்டு அரங்குகளில் ஓடியபோது, அவர் சென்னையில் உயிரோடு இருந்தார்.